திரைக்குப் பின்னால் ஒரு துபாஷி

ஐப்பசிக் கடைசி. கார்த்திகை முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. இரவு பத்து மணி சுமாருக்கு என் தங்கை மகன் வந்து கதவைத் தட்டினான். கல்யாணங்களில் எடுத்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பார்க்கத் தகுந்த படமாக்கிக் கொடுப்பது அவனுடைய தொழில். நாள் கெடுவுக்குள் கொடுத்துவிடுவான் என்று நல்ல பெயர் வாங்கியவன். அன்றைக்கு அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, ஏமாந்து போய்விட்டேன்" என்றான்.

"யாரிடம்?"

"கார்டு விற்றவனிடம்."

கார்டு என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தபால் கார்டு ஞாபகம் வரும். அதை விட்டால் ரேஷன் கார்டு. அவன் சொன்னது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் தெரிகிற படத்தையெல்லாம் கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கிற சாமான் அதுதான். தவணைக் கடன் எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கிறான். பழைய கார்டு ஒரு கம்பெனியுடையது. புதியது அதன் போட்டிக் கம்பெனியுடையது. பழையதைக் கழற்றினான்; புதியதைப் போட்டான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரை கறுத்துப் போகிறது. இரண்டு விநாடி கழித்து வருகிறது. செய்த வேலை போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை ஒரு பெண் வீட்டாருக்குப் படம் கொடுத்தாக வேண்டும். அன்று புதன்கிழமை. மறுநாள் காலையில் முதல் காரியமாகக் கார்டைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடப் போவதாகச் சொன்னான்.

"டிரைவரை என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"எந்த டிரைவர்?" என்றான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு மொழிபெயர்ப்பில் ஒரு பித்து உண்டு. யந்திர உலகத்தில் நடக்கிற மிகப் பெரிய மொழிபெயர்ப்புக் காரியம் இந்த டிரைவருடையதுதான். அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று இரவு தங்கை மகனுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

*

டிரைவர் என்ற பெயரைக் கேட்டு ஸ்டியரிங் பிடிக்கிற ஆளை நினைக்க வேண்டாம். இந்த டிரைவர் ஒரு புரோகிராம். கம்பெனிக்காரர்கள் காலத்துச் சென்னையில் துபாஷி என்று ஓர் உத்தியோகஸ்தர் இருந்தாரே, அவரைப் போன்றவர் இவர். துரைக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நடுவில் நின்றார், பேரம் நடந்தது.

கம்ப்யூட்டரை ஆள்கிற விண்டோஸ் போன்ற புரோகிராம், "இந்த இடத்தில் ஒரு கட்டம் போடு, இந்தப் படத்தை இங்கே நகர்த்து" என்று பொதுவான பாஷையில் சொல்லும். கார்டுக்கு அது புரியாது. ஒவ்வொரு கார்டுக்கும் அதன் சில்லைச் செய்தவர்கள் வைத்த சொந்தச் சங்கேதம் ஒன்று உண்டு. டிரைவர்தான் நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிறது. துரை மாறினால் துபாஷியும் மாற வேண்டும். பழைய துபாஷியை வீட்டுக்கு அனுப்பாமல் புதியவரையும் கூட்டி வந்து உட்கார வைத்தால் கச்சேரியில் என்ன நடக்கும்? என் தங்கை மகன் செய்தது அதுதான்.

*

ஆதியில் இந்தத் தொல்லை வேறு விதமாக இருந்தது. 1981-ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்கு இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று எழுத்து மட்டும் காட்டும். அந்த எழுத்தும் சில்லில் பதித்து வைத்த எழுத்துத்தான். இன்னொன்று வண்ணப் படம் காட்டும். ஆனால் எழுத்துக்கள் சொரசொரவென்று கண்ணை உறுத்தும்.

அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர். தம் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தம்முடைய தாய் எழுத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் எழுத ஆசைப்பட்டார். மேலும் கீழும் குறிகள் ஏறி இறங்கும் எழுத்து அது. நம் பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து கெமர் எழுத்தாகி, அதிலிருந்து பிறந்தது. ஒரு விதத்தில் நமக்குத் தூரத்து உறவு. ஐ.பி.எம்மின் இரண்டு கார்டுகளுக்கும் அதைக் காட்டத் திராணியில்லை. மனிதர் சளைக்கவில்லை. குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகள் காட்டுகிற புதிய கார்டைத் தாமே அமைத்தார். 1982-இல் அதற்காக ஒரு கம்பெனியும் பிறந்தது. அதுதான் ஹெர்குலிஸ் கார்டு. தாய்மொழி எழுத்தின் மேல் வைத்த பிரியத்திலிருந்து ஒரு வியாபாரமே முளைத்த கதை இது.

ஆனால் கார்டு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் காலத்தில் பொதுத் துபாஷி கிடையாது. ஒவ்வொரு புரோகிராமும் தன் துபாஷியைத் தானே அழைத்து வர வேண்டும். கணக்கு எழுதுவதற்கு லோட்டஸ் 1-2-3 என்று ஒரு புரோகிராம் 1983-இல் வந்து அமெரிக்க ஆபீஸ்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதற்கு ஹெர்குலிஸ் கார்டின் பாஷை தெரிந்த டிரைவர் கிடைத்தது. அவ்வளவுதான், கார்டு விற்றுத் தீர்ந்தது. புதுக் கார்டு வாங்குகிறவர்கள் அந்நாளில் கேட்ட முதல் கேள்வி, "இதன் வேகம் என்ன?" என்பதல்ல, "என்னிடம் உள்ள புரோகிராம்களுக்கு இதனோடு பேசத் தெரியுமா?" என்பதுதான்.

1987-இல் ஐ.பி.எம். வி.ஜி.ஏ. என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள், 16 வண்ணங்கள். மற்றக் கம்பெனிகளும் அதை அப்படியே பின்பற்றின. சந்தையில் நாலு தேசத்து வியாபாரிகளும் கையைக் காட்டிப் பேசிக்கொள்கிற பொதுப் பாஷை மாதிரி அது எல்லாக் கார்டுகளுக்கும் அமைந்துவிட்டது. அந்த வழக்கம் வேறு வேறு பெயர்களில் இன்றைக்கும் தொடர்கிறது. புதுக் கார்டைச் செருகியதும் திரையில் எழுத்துக்கள் யானைக்கால் வந்தவை போல வீங்கித் தெரிகின்றன அல்லவா? அதைக் கண்டு பயப்படக் கூடாது. துபாஷி இன்னும் வந்து சேரவில்லை. கார்டு அது வரையில் ஜாடை காட்டிப் பேசுகிறது, அவ்வளவுதான்.

*

1990-இல் விண்டோஸ் 3.0 வந்து பிரபலமானதும் நிலைமை மாறியது. இனிமேல் ஒவ்வொரு புரோகிராமும் தனித் துபாஷி வைத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸுக்கு ஒரு டிரைவர் இருந்தால் போதும், எல்லாரும் அவர் மூலமாகவே பேசலாம். எத்தனையோ தொல்லை தீர்ந்தது. ஆனால் பத்துப் பேர் செய்த காரியத்தை ஒருவர் செய்கிறபோது, அவர் ஒருவர் தடுமாறினால் பத்து வீடும் தடுமாறும். இது மறு பக்கம்.

இதற்கடுத்துத்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்த கட்டம். 1993-இல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி விண்டோஸ் என்.டி. என்ற உறுதியான அமைப்பை வெளியிட்டது. அதை அமைத்தவர்களுக்குத் தலைவர் டேவ் கட்லர் என்ற நிபுணர். யந்திரத்தின் கர்ப்பக்கிருகம் போன்ற உட்பகுதிக்குள் படம் வரைகிற பகுதியை அவர்கள் அனுமதிக்கவில்லை. வெளிப் பிராகாரத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொரு சமாசாரமும் உள்ளேயும் வெளியேயும் போய் வர வேண்டியிருந்தது. ஆகையால் படம் மெதுவாகத்தான் வந்தது.

ஜனங்களுக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. 1996-இல் என்.டி. 4.0 வந்தபோது படம் வரைகிற பகுதியும் அதன் டிரைவரும் கர்ப்பக்கிருகத்துக்குள் அழைத்துக்கொள்ளப்பட்டன. வேகம் கூடியது. ஆனால் டிரைவரை எழுதுகிறவர்கள் மைக்ரோஸாஃப்ட்காரர்கள் அல்ல. கார்டு செய்கிற பல கம்பெனிகள். போட்டிக்காரன் முந்திவிடுவானே என்ற அவசரத்தில் எழுதுகிறவர்கள். அவர்களில் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு வரியைத் தப்பாக எழுதினால், யந்திரம் முழுவதும் நின்று நீலத் திரையைக் காட்டும். வேகத்துக்காகக் கர்ப்பக்கிருகத்தின் சாவியைக் கொடுத்தோம். சாவி வாங்கினவர்கள் எல்லாரும் நிதானஸ்தர்கள் என்று சொல்ல முடியுமா?

*

அதே 1996-இல் இன்னொரு நாடகம் ஆரம்பித்தது. கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே என்ற ஊரில், இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கின 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி, வூடூ என்ற கார்டுச் சில்லை வெளியிட்டது. இது தனிக் கார்டு அல்ல. ஏற்கெனவே இருக்கிற கார்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டுக்களில் வருகிற முப்பரிமாணக் காட்சிகளை மட்டும் வரையும். இரண்டு கார்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். விளையாட்டு ஆரம்பித்தால் எழுந்துகொள்ளும். பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள்.

அந்தக் கம்பெனி ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்தது. கிளைடு என்று தன் கார்டுகளுக்கு மட்டும் உரிய ஒரு பாஷையை ஏற்படுத்தியது. விளையாட்டு எழுதுகிறவர்கள் பலர் அந்தப் பாஷையிலேயே எழுதத் தொடங்கினார்கள். கிளைடு பேசுகிற விளையாட்டு வேண்டும் என்றால் வூடூ கார்டு வாங்கியே தீர வேண்டும். சில வருஷம் ராஜாங்கம்தான்.

பிறகு கர்வமோ, கணக்குப் பிசகோ, காரியம் கெட்டது. முதலில் 3டிஎஃப்எக்ஸ் சில்லை மட்டும் செய்து பல கம்பெனிகளுக்கு விற்றது. அவர்கள் கார்டாக்கி விற்றார்கள். 1998 கடைசியில், கார்டும் தானே செய்வது என்று எஸ்.டி.பி. என்ற கம்பெனியை வாங்க முடிவு செய்தது. அது வரையில் சிநேகிதர்களாக இருந்த கார்டுக்காரர்கள் போட்டிக் கம்பெனிகளின் பக்கம் போனார்கள். என்விடியா என்ற கம்பெனி வருஷா வருஷம் புதுச் சில்லு இறக்கிக்கொண்டிருந்தது. 2000-ஆம் வருஷம் டிஸம்பரில், 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துக்களை அந்த என்விடியாவுக்கே விற்றுக் கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

வாங்கின கம்பெனி பழைய கார்டுகளுக்கு டிரைவர் எழுதும் பொறுப்பை ஏற்கவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வீட்டில் வூடூ கார்டுகள் இருந்தன. அவற்றில் ஒரு கம்பி அறுந்து போகவில்லை. ஒரு சில்லு கருகிப் போகவில்லை. நேற்று எப்படி வரைந்தனவோ அப்படியே இன்றும் வரையக் கூடியவை. ஆனால் 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது அந்தப் புது எஜமானின் பாஷையைப் பூரணமாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பட்டறையில் பிறந்த சாமான் பட்டறைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக் காரியத்தால், சாகக் கிடந்தது.

அப்போது கம்பெனி செய்யாததை வாடிக்கைக்காரர்கள் செய்தார்கள். உலகத்தின் பல மூலைகளில் இருந்த, சம்பளம் வாங்காத சில பேர் பழைய டிரைவர்களைக் குடைந்து, ஒட்டுப் போட்டு, எக்ஸ்.பி.யிலும் வேலை செய்யும்படி திருத்தி மற்றவர்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். 3டிஎஃப்எக்ஸ் சாவதற்கு ஒரு வருஷத்துக்கு முன், 1999-இல், கிளைடு பாஷையின் மூலத்தைப் பகிரங்கமாக வெளியிட்டிருந்தது. அந்தப் பாஷையை மற்றக் கார்டுகளுக்குப் புரிய வைக்கும் புரோகிராம்களும் எழுதப்பட்டன. அந்த விளையாட்டுக்கள் இன்றைக்கும் வேறு கம்பெனிக் கார்டுகளில் ஓடுகின்றன. கம்பெனி போயிற்று; பாஷை பிழைத்தது.

*

துபாஷிகள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் ஏ.டி.ஐ. என்ற கனடாக் கம்பெனியின் டிரைவரைப் பற்றி ஒரு குட்டு வெளிப்பட்டது. க்வேக் 3 என்ற பிரபல விளையாட்டைக் கொண்டுதான் பத்திரிகைக்காரர்கள் கார்டுகளின் வேகத்தை அளந்தார்கள். யாரோ அந்தப் புரோகிராமின் பெயரில் 'க்வேக்' என்றிருந்ததைக் 'க்வாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது! அதாவது, பரீட்சை நடக்கிறது என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட டிரைவர், படத்தின் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருகிற தினத்தில் மட்டும் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற வாத்தியாரை நாம் பார்த்ததில்லையா?

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. பத்து வருஷத்து அனுபவத்துக்குப் பிறகு, டிரைவரின் பெரும் பகுதியைக் கர்ப்பக்கிருகத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு சிறு பகுதியை மட்டும் உள்ளே விட்டார்கள். அதற்கு மேல் ஒரு காவல்காரனும் வைத்தார்கள். கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், காவல்காரன் டிரைவரைத் தட்டி எழுப்பி, கார்டைப் புதிதாகத் துவக்குவான். திரை கறுத்துப் போய்த் திரும்ப வருவது அந்தச் சமயத்தில்தான். முன்பானால் யந்திரமே நின்றிருக்கும்.

ஏற்பாடு நல்லது, ஆனால் எல்லா டிரைவர்களையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. கம்பெனிகள் தயாராக இல்லை. பிறகு நடந்த ஒரு வழக்கில் மைக்ரோஸாஃப்டின் உள் கடிதங்கள் 2008-இல் வெளியாயின. 2007-இல் பதிவான விஸ்டா விபத்துக்களில் நூற்றுக்குச் சுமார் 29 என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று அவற்றில் கண்டிருந்தது. ஜனங்களோ விஸ்டாவைத் திட்டினார்கள். துபாஷி குளறினால் துரையைத் திட்டுவது பழைய வழக்கம்.

லினக்ஸ் என்ற பொது அமைப்பைக் கட்டியவர்களின் மனஸ்தாபம் வேறு. "உங்கள் கார்டின் பாஷையைச் சொல்லுங்கள், துபாஷியை நாங்களே தயார் செய்துகொள்கிறோம்" என்றார்கள் அவர்கள். ஏ.எம்.டி. கம்பெனி 2006-இல் ஏ.டி.ஐ.யை வாங்கியது, மறு வருஷம் கார்டுகளின் விவரங்களை வெளியிடச் சம்மதித்தது. என்விடியா சம்மதிக்கவில்லை. லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில் அந்தக் கம்பெனியை நினைத்து மேடையிலேயே நடு விரலைக் காட்டினார். கண்ணியமான காரியம் அல்ல. ஆனால் கோபத்தில் நியாயம் இருந்தது. தன்னார்வக்காரர்கள் சிலர் கார்டின் போக்கைக் கவனித்துக் கவனித்தே அதன் பாஷையை ஊகித்து, நூவோ என்ற டிரைவரை எழுதி வந்தார்கள். கடைசியில் 2022 மே மாதம் என்விடியாவும் தன் லினக்ஸ் டிரைவரில் ஒரு பகுதியின் மூலத்தை வெளியிட்டது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், காரணம் எளிது. 2012-இல் வந்த என்விடியாவின் கெப்ளர் வகைக் கார்டுகளுக்கு 2021-இல் புது டிரைவர் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 வரையில் வந்தன. கடையில் காசு கொடுத்துச் சாமானை வாங்குகிறோம். அதன் ஆயுளோ எங்கேயோ ஓர் ஆபீஸில் யாரோ போடுகிற கையெழுத்தில் இருக்கிறது. பாஷை வெளியே தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்துக்காக நாம் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

*

அன்று இரவு இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை மகன், "அப்படியானால் என் கார்டு கெட்டுப் போகவில்லையா?" என்றான்.

"போய்ப் பார்க்கலாம்" என்று அவனோடு கிளம்பினேன்.

பார்த்ததில் நான் நினைத்தபடியே இருந்தது. பழைய கம்பெனியின் டிரைவர் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. போதாததற்கு, அவன் புது டிரைவரைப் பதித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், விண்டோஸ் தன் பாட்டுக்கு இன்டர்நெட்டிலிருந்து அதே கார்டுக்கு வேறொரு பழைய டிரைவரைத் தருவித்துப் பாதி பதித்திருந்தது. மூன்று துபாஷிகள்!

வரிசையாகக் காரியத்தைச் செய்தோம். முதலில் புதுக் கார்டுக் கம்பெனியின் சொந்த இடத்திலிருந்து டிரைவரை இறக்கி வைத்துக்கொண்டோம். பிறகு இன்டர்நெட் கேபிளைக் கழற்றினோம். யந்திரத்தை ஸேஃப் மோடில் துவக்கினோம். பழைய டிரைவர்களை வேரோடு களைவதற்கென்றே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்று ஒரு புரோகிராம் உண்டு. அதைக் கொண்டு மூன்றையும் துடைத்தோம். மறுபடி துவக்கியதும் எழுத்துக்கள் வீங்கித் தெரிந்தன, பையன் திடுக்கிட்டான், நான் வி.ஜி.ஏ. கதையை ஞாபகப்படுத்தினேன். புது டிரைவரைப் பதித்து, இன்னொரு தரம் துவக்கி, அதற்குப் பிறகே கேபிளைச் செருகினோம். ஒரே கம்பெனிக்குள் கார்டு மாற்றுகிறவர்களுக்கு இவ்வளவு பாடு பெரும்பாலும் வேண்டியதில்லை. புது டிரைவரைப் பதிக்கும்போது, பழையதைத் துடைத்துவிட்டுப் பதி என்ற கட்டத்தில் குறி போட்டால் போதும். கம்பெனி மாறுகிறபோது, பழையவருக்கு விடை கொடுத்துவிட்டுப் புதியவரை அழைப்பதே முறை.

ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரை கறுக்கவில்லை. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். பெண் தலை குனிந்தாள். பையன் வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டே போனான். வியாழன் இரவு முழுவதும் விழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் படத்தைக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் பழைய கார்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "இதற்கு இனிமேல் புது டிரைவர் வராதாம், மாமா. பழைய இரும்புக் கடையில் போட்டுவிடட்டுமா?" என்றான்.

நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் தெருக்கோடியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன், யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு படம் போடக் கற்றுக்கொள்கிறான். மறு வாரம் அவன் யந்திரத்தில் லினக்ஸைப் பதித்து அந்தக் கார்டைச் செருகினோம். சம்பளம் வாங்காத யாரோ சிலர், யாருக்கென்று தெரியாமல் எழுதி வைத்த டிரைவர் அதை அடையாளம் கண்டுகொண்டது. வேகம் கொஞ்சம் குறைவுதான். பையன் முதல் படமாக ஒரு தேரை வரைந்தான். இன்னும் சக்கரம் போடவில்லை. அதற்குள் கூப்பிட்டுக் காட்டினான்.